பொறுப்பாளர் கட்டம்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் நாலு கட்டம் போட்ட தாள் ஒன்று ரொம்ப நாள் ஒட்டியிருந்தது. என்ன செய்யப்போகிறோம், எவ்வளவு, எப்போதுக்குள், பொறுப்பாளர் யார். அம்மா தன் ஆலையிலிருந்து கொண்டுவந்த தாள். அதில் என் பெயர் மூன்று இடத்திலும் அப்பா பெயர் இரண்டு இடத்திலும் அம்மா பெயர் மீதி எல்லா இடத்திலும் இருந்தது. இந்த வீட்டை நடத்துவது யார் என்று சந்தேகம் உள்ளவர்கள் அந்தக் கதவைப் பார்த்தாலே போதும்.

அதே மாதிரி வேறொரு தாளின் பொறுப்பாளர் கட்டத்தில் அம்மா எழுதிய பெயரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அதற்கு முன்னால் அம்மா என்ன வேலை பார்த்தாள் என்று சொல்லியாக வேண்டும்.

அம்மா ஒரு பெரிய சலவை ஆலையில் இஸ்திரிப் பிரிவுக்கு மேனேஜர். ஆறு ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் ரத்தமும் அழுக்குமாக ஒரு வாசல் வழியாக உள்ளே வரும். வெளுத்து, மடித்து, பத்துப் பத்தாகக் கட்டி இன்னொரு வாசல் வழியாக வெளியே போகும். வெளியே போவதை வேனில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்குவது அப்பா. ஆக, என்னைத் தவிர வீட்டில் எல்லோரும் விரிப்புக்கு உழைத்தார்கள். நான் விரிப்பில் படுத்துத் தூங்கினேன். பத்தாம் வகுப்பில் கணக்கும் நானும் பேசிக்கொள்வதில்லை என்று ஆன பிறகு எனக்கு வேறு வேலையும் இல்லை.

இஸ்திரிப் பிரிவில் மூன்று ரோலர் மெஷின்கள். படுக்கவைத்த தூண் மாதிரி ஒரு இரும்பு உருளை, உள்ளே நீராவி. முன்பக்கம் இரண்டு பெண்கள் விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்து உள்ளே ஊட்டுவார்கள். பின்பக்கம் அது காய்ந்து, தட்டையாகி, சூடாக வரும். அங்கே இரண்டு பேர் மடிப்பார்கள். உருளைக்கு முன்னால் குறுக்காக ஒரு மெல்லிய கம்பி ஓடும். அதற்கு ஆலையில் பெயர் விரல் கம்பி. விரிப்போடு சேர்த்துக் கையும் உள்ளே போகப் பார்த்தால் முதலில் அந்தக் கம்பியில் இடிக்கும். இடித்த நொடியில் மெஷின் நின்றுவிடும்.

பிரச்சினை என்னவென்றால், கம்பிக்குக் கைக்கும் துணிக்கும் வித்தியாசம் தெரியாது. விரிப்பு கொஞ்சம் சுருண்டு வந்து இடித்தாலும் நிற்கும். நின்றால் மறுபடி கிளப்ப மூன்று நிமிஷம். அதற்குள் உள்ளே மாட்டிய விரிப்பு மஞ்சளாகும். ஒரு நாளைக்கு இருபது தடவை நிற்கும்.

அம்மா பத்தொன்பது வயதில் அங்கே மடிப்பு வேலைக்குச் சேர்ந்தவள். பதினோரு வருஷம் மடித்தாள். பிறகு சூப்பர்வைசர், பிறகு மேனேஜர். மேனேஜர் ஆன அன்று காலையில் அவளை ‘அக்கா’ என்று கூப்பிட்டவர்கள் சாயங்காலம் ‘மேடம்’ என்றார்கள். அப்பாவும் அன்றிலிருந்து ‘மேடம்’ என்றுதான் கூப்பிட்டார்.

“மேடம், சாப்பாடு ஆச்சா?”

“கிண்டலா? தட்டை எடுத்துவைங்க.”

“உத்தரவு மேடம். பொறுப்பாளர் நான்தானே?”

இந்தப் ‘பொறுப்பாளர்’ வந்து சேர்ந்தது தலைமை அலுவலகத்திலிருந்து. அங்கேயிருந்து ஒருவர் திங்கட்கிழமைதோறும் வருவார். வாயைத் திறந்தால் இலக்கு. அதனால் அவருக்கு நான் வைத்த பெயர் இலக்கு சார். அப்பா மூலமாக அந்தப் பெயர் வேனில் ஏறி ஆலைக்குப் போய், ஒரே வாரத்தில் எல்லோர் வாயிலும் ஊறிவிட்டது. அவருக்கு மட்டும் தெரியாது.

திங்கள் காலையில் எல்லாப் பிரிவு மேனேஜர்களும் ஒரு வெள்ளைப் பலகை முன்னால் நிற்க வேண்டும். போன வாரம் சொன்னது என்ன, நடந்தது என்ன, பொறுப்பாளர் யார் என்று ஒவ்வொருவரும் உரக்கப் படிக்க வேண்டும். பொறுப்பாளர் கட்டத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கலாம் என்பது இலக்கு சாரின் சட்டம். “ரெண்டு பேர் பொறுப்புன்னா யாரும் பொறுப்பில்லைன்னு அர்த்தம். பேர் இல்லாத இலக்கு அநாதைப் பிள்ளை மாதிரி” என்பார். துவைப்புப் பிரிவு மேனேஜர் அந்தக் கட்டத்தில் வாராவாரம் தனக்குக் கீழே வேலை செய்பவர்களில் யாராவது ஒருத்தர் பெயரை எழுதிவிடுவார். அவருக்கு நான் வைத்த பெயர் கைகழுவி. துவைக்கிற இடத்துக்குப் பொருத்தமாகவும் இருந்தது.

அம்மா எப்போதும் தன் பெயரைத்தான் எழுதுவாள். அதில் அவளுக்கு ஒரு கர்வம்.

அந்த வருஷம் அவள் எழுதிய இலக்கு இரண்டு. ஒன்று, தொடர்ந்து இருநூறு நாள் விபத்து இல்லாமல் ஓட்டுவது. வாசலுக்கு எதிரே ஒரு போர்டில் தினமும் எண் மாறும். யாருக்காவது அடிபட்டால் எண் பூஜ்யத்துக்குப் போய்விடும். இருநூறு வந்தால் இஸ்திரிப் பிரிவின் சுவரை உடைத்து வெப்பக் காற்றை வெளியே தள்ளும் பெரிய விசிறி ஒன்று வைத்துத் தருவதாக நிர்வாகம் எழுத்தில் கொடுத்திருந்தது. அந்தப் பிரிவுக்குள் நான் ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். பத்து நிமிஷத்தில் என் தலைமுடியெல்லாம் ஈரம். அங்கே எட்டு மணி நேரம் நிற்பவர்களுக்கு அந்த விசிறி எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மெஷின் நிற்பதை ஒரு நாளைக்கு இருபதிலிருந்து ஐந்தாகக் குறைப்பது.

வீட்டுத் தாளில் எனக்கு அவள் எழுதிய இலக்கு, மாடித் தொட்டி நிரம்பி வழியும்போது அலறுகிற பஸ்ஸர் ஒரு நாளும் அலறக் கூடாது என்பது. அதாவது மோட்டாரை நேரத்துக்கு நிறுத்த வேண்டும். தாளில் தினமும் நான் டிக் போட வேண்டும். என்னிடம் ஒரு பேனா இருந்தது. அதில் எழுதியதன் மேல் சூடான டீ டம்ளரை வைத்தால் எழுத்து மறைந்துவிடும். அதை வைத்து அப்பா பெயருக்கு நேராக ‘குறட்டை, தினம் எட்டு மணி நேரம், சாதனை ஒன்பது’ என்று எழுதுவேன். அம்மா பார்த்துத் திட்ட வருவதற்குள் டம்ளரை வைத்து எடுத்துவிடுவேன்.

“இங்க ஏதோ எழுதியிருந்துச்சே.”

“எங்கம்மா? வேலை அதிகமாகி உனக்குக் கண்ணு மங்குது.”

“வாலு. உனக்கு ஒரு நாள் இருக்குடி.”

மூன்று மாதத்தில் மெஷின் நிற்பது நான்குக்கு வந்தது. ஐந்துகூட இல்லை, நான்கு. திங்கட்கிழமை எல்லோரும் கைதட்டினார்கள். இலக்கு சார் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார். அதை அம்மா கூடத்தில் மாட்டினாள். சாப்பிடும்போது ரெண்டு தடவை அதைத் திரும்பிப் பார்த்தாள். மணி பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

“எப்படிம்மா இருபது நாலாச்சு?” என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன்.

“எல்லாரும் சேர்ந்து மனசு வச்சாங்க” என்றாள்.

போர்டில் நூற்று எழுபத்தேழு என்று இருந்த அன்று மதியம் அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு விரிப்பைத் திரும்பக் கொண்டுவந்தார். கட்டிலில் போடப் பிரித்த நர்ஸ், “இதையா வெளுத்து அனுப்புறீங்க?” என்று முகத்தில் அடிக்காத குறையாகக் கொடுத்தாராம். நடு மடிப்பில் மூன்று கோடாக ரத்தம்.

ஆஸ்பத்திரித் துணியில் கறை இருப்பது அதிசயமில்லை. ஆனால் துவைத்தும் போகாத கறை வேறு மாதிரி இருக்கும் என்று அம்மா சொல்வாள். பழுப்பாக, ஓரம் கரைந்து, நிழல் மாதிரி. இது அப்படி இல்லை. கறுஞ்சிவப்பு. ஓரம் கத்தி மாதிரி. இந்த விரிப்பு துவைத்து முடிந்த பிறகு ரத்தம் பட்டிருக்கிறது. உருளை அதை அப்படியே அழுத்திச் சூடாக்கி ஒட்டவைத்திருக்கிறது. அதாவது இஸ்திரிப் பிரிவில் யாருக்கோ அடிபட்டிருக்கிறது. போர்டில் எண் மட்டும் ஏறிக்கொண்டிருக்கிறது.

மறுநாள் அம்மா எல்லோரையும் கையைக் காட்டச் சொன்னாள். வரிசையாக நீட்டினார்கள். எல்லாம் முழுசாக இருந்தது. “என்ன மேடம், கைரேகை பார்க்கப்போறீங்களா? எனக்கு எப்ப நல்ல காலம்னு சொல்லுங்க” என்று ஒருத்தி கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்சம் சத்தமாகவே சிரித்தார்கள்.

அந்த வரிசையில் ஒருத்தி இல்லை. ஒல்லியாக, நெட்டையாக, தலை மட்டும் பெரிதாக இருப்பாள். குண்டூசி என்று கூப்பிடுவார்கள், நான் குண்டூசி அக்கா என்பேன். இரண்டாம் நம்பர் மெஷினில் ஊட்டுகிறவள். அம்மா மடிப்பு வேலையில் இருந்தபோதே கூட இருந்தவள். அன்று காலையிலிருந்துதான் லீவு. அண்ணன் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று எழுதி அனுப்பியிருந்தாள். அதற்கு முந்தின நாலு நாளும் உறை மாட்டிய கையோடு வேலை செய்தாள். கையுறை போடுங்கள் என்று அம்மா எல்லோரிடமும் கெஞ்சிக்கொண்டிருந்த சமயம். “பாருங்க, இவளைப் பார்த்துக் கத்துக்கங்க” என்று எல்லோர் முன்னாலும் அம்மா அவளைப் பாராட்டியும் இருந்தாள்.

அன்று சாயங்காலம் அம்மா அந்த விரிப்பை வீட்டுக்கு எடுத்துவந்து துவைத்தாள். போகவில்லை. மறுபடி துவைத்தாள். அப்பா, “குண்டூசி வீட்டுக்கு ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வரலாமா?” என்று கேட்டார். “அவ ஊர்ல இல்லங்க” என்றாள் அம்மா. அப்பா அதற்கு மேல் கேட்கவில்லை.

நூற்று எழுபத்தெட்டு. எழுபத்தொன்பது. எண்பது. அம்மா வீட்டில் பேசுவது குறைந்தது. கடிகாரத்தைப் பார்ப்பதும் நின்றது. நான் தாளில் அவள் பெயருக்கு நேராக ‘சிரிப்பு, தினம் ஒன்று, சாதனை பூஜ்யம்’ என்று எழுதிவைத்தேன். அவள் கவனிக்கவே இல்லை. டம்ளர் வைக்காமலே விட்டுவிட்டேன்.

நூற்று எண்பத்து மூன்றாம் நாள் சாயங்காலம் எதிர் வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். எங்கள் தொட்டி வழிந்து அவர் வாசலில் குளம் கட்டி நிற்கிறது, ஒரு மணி நேரமாக. அம்மா மோட்டாரை நிறுத்திவிட்டு ஃப்ரிட்ஜ் தாளைப் பார்த்தாள். பஸ்ஸருக்கு நேரே நாற்பது நாளும் டிக். ஒன்றுகூட விடவில்லை.

ஸ்டூலைப் போட்டு ஏறி பஸ்ஸர் பெட்டியைத் திறந்தாள். உள்ளே நான் திணித்து வைத்திருந்த துணி. பழைய தலையணை உறையிலிருந்து கிழித்தது.

“என்னடி இது?”

நான் தப்பிக்கப் பார்த்தேன். “பஸ்ஸர் அலறக் கூடாதுன்னுதானே எழுதியிருக்கே? அலறலையே.”

வழக்கமாக இந்த இடத்தில் கரண்டி பறந்து வரும். வரவில்லை. அம்மா ஸ்டூல் மேலேயே நின்றாள். அந்தத் துணியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது. பிறகு இறங்கி, துணியை மடித்து, தன் ஆபீஸ் பையில் வைத்துக்கொண்டாள். அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

மறுநாள் ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன்னாலேயே ஆலைக்குப் போனாள். மூன்று மெஷினுக்கும் முன்னால் குனிந்து பார்த்தாள். மூன்று விரல் கம்பியும் பின்னால் இழுத்து விரிப்பின் கரைத் துணியால் கட்டப்பட்டிருந்தன. கட்டு இறுகி, அழுக்கேறி, மாதக்கணக்கானதாக இருந்தது. கம்பியை அம்மா கையால் அழுத்தினாள். அசையவில்லை. அசையாத கம்பி மெஷினை எப்படி நிறுத்தும்.

வேலைக்கு வந்த பெண்களில் வயதில் மூத்தவளைக் கூப்பிட்டுக் கேட்டாள். “யார் கட்டினது?”

“எல்லாரும்தான் மேடம்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க அஞ்சுக்குள்ள வரணும்னீங்க. வந்துச்சு. எப்படி வந்துச்சுன்னு நீங்க கேக்கல, நாங்க சொல்லல.” அவள் குரலில் கோபமே இல்லை என்று அம்மா சொன்னாள். “தெரிஞ்சேதான் கேக்கலைன்னு நினைச்சோம் மேடம்.”

அம்மா அங்கிருந்தே எனக்குப் போன் செய்தாள். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வா என்றாள். எனக்குக் குண்டூசி அக்கா வீடு தெரியும். ஒரு காலத்தில் அவள் வீட்டு அழைப்பு மணியை அடித்துவிட்டு ஓடுவது என் பொழுதுபோக்கு. மணியை அடித்துவிட்டு ஓட முடியாமல் நின்றது அன்றுதான் முதல் தடவை.

கதவைத் திறந்தவள் அம்மாவைப் பார்த்ததும் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். ஒற்றை அறை வீடு. உள்ளேயிருந்து ஒரு வாடை வந்தது. அதை நான் எழுதப்போவதில்லை.

“கையைக் காட்டு.”

“ஒண்ணுமில்ல மேடம். ஆறிட்டுது.”

“மேடமெல்லாம் வேண்டாம். காட்டுடி.”

துணியைப் பிரித்தாள். நடுவிரலும் மோதிர விரலும் நகத்திலிருந்து பாதிவரை கறுத்து, ஈரமாக இருந்தன. மருந்துக்கடையில் ஏதோ களிம்பு வாங்கிப் போட்டிருக்கிறாள். அதற்கு முன்னால் பற்பசை. நூற்று எழுபத்து மூன்றாம் நாள் நடந்தது. கை உள்ளே போயிருக்கிறது, கம்பி தடுக்கவில்லை. பக்கத்தில் நின்றவள் பெரிய சிவப்புப் பொத்தானை அடித்து நிறுத்தியிருக்கிறாள். விரிப்பை அப்படியே மடித்துக் கட்டுக்குள் வைத்துவிட்டார்கள்.

“ஆஸ்பத்திரிக்குப் போனா எங்க அடிபட்டுதுன்னு எழுதுவாங்கல்ல” என்றாள் குண்டூசி அக்கா. “எழுதினா போர்டு பூஜ்யத்துக்குப் போயிடும். இன்னும் இருபத்தேழு நாள்தான் இருந்துச்சு. விசிறி வந்துட்டா அப்புறம் போய்க்கலாம்னு இருந்தோம்.”

‘இருந்தேன்’ என்று சொல்லவில்லை. ‘இருந்தோம்’ என்றாள்.

ஸ்கூட்டரில் மூன்று பேர் போனோம். நடுவில் அவள். அவள் நெற்றி என் முதுகில் பட்டது. சட்டை வழியாகச் சுட்டது. நான் வழியில் மேடு பள்ளம் பார்த்து ஓட்டினேன், வாழ்க்கையில் முதல் தடவையாக.

இரண்டு விரலையும் எடுக்க வேண்டியதாயிற்று. டாக்டர் சின்ன வயசுக்காரர், களைத்துப்போயிருந்தார். “ஒரு வாரம் முன்னாடி வந்திருந்தா மோதிர விரலைக் காப்பாத்தியிருக்கலாம்” என்று அம்மாவிடம் சொன்னார். திட்டுவதற்காகச் சொல்லவில்லை, தகவல் மாதிரி சொன்னார். அம்மா உதடு அசைய எண்ணினாள். நானும் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். எனக்கும் கணக்குக்கும் பேச்சு இல்லை என்றாலும் அந்தக் கணக்கு எனக்கு வந்தது. கறை படிந்த விரிப்பு வந்தது ஏழு நாள் முன்னால்.

குண்டூசி அக்கா படுத்திருந்த விரிப்பின் மூலையில் எங்கள் ஆலையின் முத்திரை இருந்தது.

விபத்துத் தாள் ஒன்று இருக்கிறது. அதை இரண்டு நாளைக்குள் நிரப்பிக் கொடுக்க வேண்டும். அம்மா அதை வீட்டுக்கு எடுத்துவந்தாள். சமையல் மேடையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது இலக்கு சார் போன் செய்தார். கை ஈரம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டாள். அப்பா வாசற்படியில் உட்கார்ந்து செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தினார்.

“மேடம், ஒண்ணும் கவலைப்படாதீங்க. காரணம்ங்கிற இடத்துல ‘தொழிலாளியின் கவனக்குறைவு, பாதுகாப்புக் கம்பியைக் கட்டியது’ன்னு ஒரு வரி. பொறுப்பாளர்ல அந்தம்மா பேரு. முடிஞ்சுது. உங்க இலக்குல கை வைக்க மாட்டோம்.”

“கம்பியை அவ மட்டும் கட்டல சார்.”

“நீங்க கட்டச் சொன்னீங்களா?”

“இல்ல.”

“அப்ப நீங்க எழுதப்போறது உண்மைதானே?”

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். “அப்படி எழுதினா அவளுக்கு என்ன ஆகும்?”

“அதை நிர்வாகம் பாத்துக்கும்.”

“பாத்துக்கும்னா?”

இலக்கு சார் குரலைத் தணித்தார். “விதிய மீறினவங்களை வச்சிருக்க முடியாதுல்ல மேடம். உங்களுக்குத் தெரியாததா.”

“பொறுப்பாளர் கட்டத்துல ஒரு பேர்தான் இருக்கணும்னு நீங்கதான சார் சொல்லிக் குடுத்தீங்க? அந்த இலக்கை எழுதினது நான்.”

“மேடம், அது இலக்குத் தாள். இது விபத்துத் தாள்.”

“ரெண்டுலயும் ஒரே வார்த்தைதான் சார் போட்டிருக்கு.”

இலக்கு சார் சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை அவர். “மேடம், நல்லா யோசிச்சுக்கங்க. பதினோரு வருஷம் மடிச்சு இந்த நாற்காலிக்கு வந்திருக்கீங்க” என்றார். போனை வைத்துவிட்டார்.

அப்பா உள்ளே வந்தார். அன்று ‘மேடம்’ என்று கூப்பிடவில்லை. “அவர் சொல்றதையும் ஒரு தடவை யோசிம்மா” என்றார் மெதுவாக.

“ஏழு நாள் யோசிச்சேங்க. வரிசையில அவ இல்லைன்ன உடனே எனக்குத் தெரியும் அவதான்னு. கேட்டா சொல்லிடுவா. சொன்னா எழுதணும். எழுதினா பூஜ்யம். இருநூறு வரட்டும், அப்புறம் கேட்டுக்கலாம்னு நானும்தான் இருந்தேன். அதுலதான் ஒரு விரல் போச்சு.”

அப்பா கத்தியை எடுத்து மீதிக் காயை நறுக்கத் தொடங்கினார். அந்த ஏழு நாளும் அவரும்தான் வாயை மூடிக்கொண்டிருந்தார். எங்கள் மூன்று பேருக்கும் அது தெரியும்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, “பேனா குடுடி” என்றாள்.

என் சட்டைப் பையில் இரண்டு பேனா இருந்தன. ஒன்று டீ டம்ளர் பேனா. ஆலையின் சூட்டில் அந்தத் தாள் மேஜையில் ஒரு மணி நேரம் கிடந்தாலே எழுத்து போய்விடும். கட்டம் காலியாக இருக்கும். யாராவது எதையாவது எழுதிக்கொள்வார்கள். அம்மா எழுதிக் கொடுத்த மாதிரியும் இருக்கும், வேலையும் போகாது. அந்தப் பேனாவை எடுத்துவிட்டேன். கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

மற்றதைக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை வெள்ளைப் பலகை முன்னால் நின்று அவள் படித்ததை அப்பாதான் சொன்னார். அன்று வேனை வாசலிலேயே நிறுத்திவிட்டு ஜன்னலோரம் நின்று கேட்டிருக்கிறார். விபத்து இல்லாத நாள், நூற்று எழுபத்து மூன்றோடு முடிந்தது. மெஷின் நிற்பது, நான்கு என்று எழுதியது பொய். கம்பி கட்டப்பட்டிருந்தது. எண் குறைந்ததும் எப்படி என்று கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. ரத்தம் பார்த்த பிறகும் ஏழு நாள் கேட்கவில்லை. பொறுப்பாளர், நான். இவ்வளவுதான். யாரும் கைதட்டவில்லை. கைகழுவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். போர்டில் அம்மாவே பூஜ்யத்தை மாட்டினாள்.

அந்த வாரமே அவளை மேனேஜர் வேலையிலிருந்து எடுத்தார்கள். வெளியே அனுப்பவில்லை. மடிப்பு வேலை காலியாக இருந்தது, விருப்பமென்றால் வரலாம் என்றார்கள். வந்தாள். இஸ்திரிப் பிரிவையும் சேர்த்துக் கைகழுவியிடம் கொடுத்தார்கள். குண்டூசி அக்காவின் வேலை போகவில்லை. கட்டுகளை எண்ணிச் சரிபார்க்கும் மேஜையில் உட்காரவைத்தார்கள்.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் அம்மாவைக் கொண்டாடினார்கள் என்று யாராவது நினைத்தால், அப்படி ஒன்றும் நடக்கவில்லை. விசிறி போனது போனதுதான். கைகழுவி டீ நேரத்தைப் பாதியாகக் குறைத்தார். “பெரிய அரிச்சந்திரி ஆகணும்னு எங்களைக் கொண்டுபோய் இவன்கிட்ட மாட்டிவிட்டுட்டா” என்று அம்மா காதுபடவே பேசினார்கள். ‘மேடம்’ போனது, ‘அக்கா’ திரும்பி வரவில்லை. “இந்தாம்மா, அந்தப் பக்கம் பிடி” என்கிறார்கள்.

வீட்டில் ஒரு நாள் அப்பா பழக்க தோஷத்தில், “மேடம், டீ” என்றார்.

“அதெல்லாம் இனி வேண்டாங்க.”

“அப்ப என்னன்னு கூப்பிட?”

“முன்னாடி கூப்பிட்ட மாதிரி.”

“முன்னாடி ‘ஏய்’னுதானே கூப்பிட்டேன்.”

அம்மா சிரித்தாள் என்று எழுத ஆசைதான். சிரிக்கவில்லை. டீயை வாங்கிக்கொண்டாள்.

இப்போது அவள் தினமும் எல்லோருக்கும் முன்னால் ஆலைக்குப் போகிறாள். மெஷின் ஓடத் தொடங்கியதும் மூன்று விரல் கம்பியையும் ஒவ்வொன்றாகக் கையால் அழுத்துகிறாள். மூன்றும் நிற்கின்றன. மறுபடி கிளப்ப மூன்று நிமிஷம், மூன்று மெஷினுக்கும். கைகழுவி அதை வெள்ளைப் பலகையில் எழுதுகிறார். நிறுத்தம் மூன்று, பொறுப்பாளர் என்ற இடத்தில் அம்மா பெயர். இரண்டு தடவை எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தாயிற்று. மூன்றாவது வந்தால் வேலை போகும். “நிறுத்திக்கோயேன்” என்று அப்பா கெஞ்சிப் பார்த்தார். அம்மா அதற்கு மட்டும் காது கொடுப்பதில்லை.

ஃப்ரிட்ஜ் தாளைக் கிழித்துவிட்டாள். பஸ்ஸர் இப்போது தெருவே எழுந்திருக்கும்படி அலறுகிறது. நான் ஓடிப்போய் நிறுத்துகிறேன். டிக் போட இடம் இல்லை.

குண்டூசி அக்கா அம்மாவோடு பேசுவதில்லை. பத்துப் பத்தாகக் கையில் எண்ணிப் பழகியவள். இப்போது எட்டு வந்ததும் கை நின்றுவிடுகிறது, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறாள். அதனால் அம்மா தான் மடிக்கிற விரிப்புகளைச் சரியாகப் பத்து எண்ணி, கட்டி, அவள் மேஜையில் வைக்கிறாள். குண்டூசி அக்கா அந்தக் கட்டை எடுப்பாள். முகத்தைப் பார்க்க மாட்டாள். முடிச்சை மூன்று விரலால் சிரமப்பட்டு அவிழ்ப்பாள். ஒவ்வொன்றாக எடுத்து மேஜை மேல் போட்டு முதலிலிருந்து எண்ணுவாள். மற்றவர்கள் கட்டை அவிழ்ப்பதில்லை, அம்மாவுடையதை மட்டும்.

“உனக்குக் கஷ்டமா இல்லையாம்மா?” என்று கேட்டேன்.

அம்மா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். என் சட்டை ஒன்றை உதறி, பையில் இருந்த பேனாவை எடுத்து, என்ன பேனா என்று பார்க்காமலே மேஜையில் வைத்தாள்.

“எண்ணட்டும்டி” என்றாள். “எண்ணித்தான் வாங்கணும்.”